ஜூன் 24: விடுபட்ட இரண்டு பிறந்தநாள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையில் நாள்தோறும் வெளிவரும் ‘இசை வரலாற்றில் இன்று’ என்னும் பகுதியைத் தவறாமல் வாசித்து வருகிறேன். கடந்த 24 ஆம் திகதி அப்பகுதியில், 1944 இல் பிறந்த ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜெஃப் பெக் பற்றியும், 1947 இல் பிறந்து, பின்னாளில் பிளீட்வுட் மக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற மிக் பிளீட்வுட் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இருவரும் பெரிய கலைஞர்கள்; அவர்களைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல காரியமே. ஆனால் அதே ஜூன் 24 ஆம் திகதியில்தான், 1927 இல் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் கண்ணதாசனும், சரியாக ஓராண்டு கழித்து 1928 இல் பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் எம். எஸ். விஸ்வநாதனும் பிறந்தார்கள் என்ற செய்தி அதில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இது விடுபட்டுப் போனதைக் கண்டு மிகவும் மனம் வருந்தினேன்.

இவ்விருவரையும் ஒரே நாளில் நினைவுகூர்வதற்குப் பிறந்த திகதி ஒன்றாயிருப்பது மட்டுமே காரணமன்று. 1952 இல் வெளியான ‘பணம்’ படத்திலிருந்து 1965 வரை டி. கே. ராமமூர்த்தியுடன் இணைந்தும், அதன் பின்னர் தனித்தும் விஸ்வநாதன் இசையமைத்த பாடல்களில் எத்தனையோ கண்ணதாசன் எழுதியவை. விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டை வாசிக்க, கண்ணதாசன் வரிகளை வாயாலேயே சொல்லிக்கொண்டு போவார். உதவியாளராயிருந்த பஞ்சு அருணாசலம் அவற்றை எழுதிக்கொள்வார். அப்படிப் பிறந்த பாட்டில் மெட்டு எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். 1962 இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ ஒன்றே போதும். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊர் திரும்ப எண்ணியிருந்த வாலி, அந்தப் பாட்டைக் கேட்ட பிறகே மனம் மாறித் தங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாட்டுக்கு வன்னியிலும் ஒரு வரலாறு உண்டு. 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் மல்லாவியில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் வயர்களை வானொலிப் பெட்டியில் பொருத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். ஒருநாள் மாலை இதே பாட்டு வந்தபோது என் மூத்த மகன் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கை உளைந்து சுற்றுவது தளர, ஸ்ரீநிவாஸின் குரலும் தேய்ந்து, கடைசியில் டைனமோ ரயரில் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. சாக்குக் கட்டிலில் படுத்திருந்த என் தகப்பனார் எழுந்திருந்து, “சுத்து மோனை, சுத்து, வரி போகுது” என்றார். பிறகு தாமே வந்து பிடித்துச் சுற்றினார்.

அக்கால வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டைப் போடுமுன் படத்தின் பெயரையும், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களையும் ஒழுங்காகச் சொல்வார்கள். என் பிள்ளைகள் கண்ணதாசன், விஸ்வநாதன் என்னும் பெயர்களைப் பெருக்கல் வாய்ப்பாட்டோடு சேர்த்தே மனனம் செய்தது அப்படித்தான். இன்றைய பண்பலை வானொலிகள் பலவற்றில் அந்த வழக்கம் அருகிவிட்டது; பாட்டு வருகிறது, போகிறது, யார் எழுதினார் என்பது தெரிவதில்லை. எனவே இன்றைய பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சொல்லக்கூடிய இடம் தங்கள் பகுதியைப் போன்ற ஒன்றுதான். எங்கள் பகுதிப் பாடசாலை மாணவர்கள் சிலர் அதை நாள்தோறும் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். ஜூன் 24 க்கு உரிய பக்கத்தில் அவர்களிடம் இப்போது இருப்பவை ஜெஃப் பெக்கின் பெயரும் மிக் பிளீட்வுட்டின் பெயரும் மட்டுமே.

ஆங்கிலத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் நாட்பட்டியல்களிலிருந்து இத்தகைய பகுதிகளைத் தொகுப்பது எளிது என்பதை அறிவேன். அப்பட்டியல்கள் அவர்களுடைய வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் சிறுகூடல்பட்டியை எதிர்பார்க்க முடியாது. அவற்றோடு தமிழ்த் திரையிசைக்கும், ‘சுராங்கனி’ புகழ் ஏ. ஈ. மனோகரன் போன்றோர் வளர்த்த ஈழத்துப் பொப் இசைக்கும் உரிய திகதிகளையும் ஒருவர் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். மனோகரன் காலமானது 2018 ஜனவரி 22 இல். அடுத்த ஜனவரியில் அந்தத் திகதியும் விடுபட்டுவிடக் கூடாது.

விடுபட்ட இரண்டு பிறந்தநாள்களையும் ஒரு சிறு குறிப்பாகவேனும் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விஸ்வநாதன் மறைந்தது 2015 ஜூலை 14 இல். அத்திகதிக்கு இன்னும் நாள்கள் இருப்பதால், அன்றைய பகுதியில் அவருடைய படத்தையும் சேர்த்து வெளியிட்டால், மாணவர்கள் கொப்பியில் ஒட்டுவதற்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மல்லாவி.