பிரஸ் பாஸ் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாய்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. எங்கள் பெரியம்மா வலிக்கிறது என்று விட்டுவிட்டு, முட்டி மடங்காமல் இன்னும் சிரமப்படுகிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். உங்கள் கல்லூரியில் நடக்கப்போகும் மென்பொருள் மாநாட்டுக்கு நாற்பது பேர் பிரஸ் பாஸ் கேட்டிருக்கிறார்கள், பாதி பேர் பெயரே கேள்விப்படாத இணைய இதழ்கள், யாரை உள்ளே விடுவது என்று எழுதியிருந்தாய். என்னிடம் கேட்டதில் ரொம்ப சந்தோஷம். போன வருடம் அதே மாதிரி ஒரு குவியலில், தனி ஆளாக நான் நடத்தும் இணைய இதழின் விண்ணப்பமும் கிடந்தது.

பெங்களூரில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கண்காட்சி. பெயர் வேண்டாம். படிவத்தில் முதலில் பத்திரிகைப் பதிவு எண் கேட்டார்கள். 1867-ம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதிதாகப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோதும், அது அச்சில் வரும் இதழ்களுக்கு மட்டும்தான். இணையத்தில் மட்டும் நடத்துகிறவன் அந்த எண்ணுக்கு எங்கே போவது? அடுத்து, லெட்டர்பேடில் ஆசிரியர் கையெழுத்து. ஆசிரியரும் நிருபரும் நானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக, மாதத்துக்கு எத்தனை வாசகர்கள். 4,000 என்று உள்ளதைப் போட்டேன்.

பதில் இரண்டே வரி. வாசகர் எண்ணிக்கை போதாது, தள்ளுபடியில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். மறுத்தது கூடப் பரவாயில்லை. பதினொரு வருடமாக எழுதியதில் நல்லவற்றைத் தொகுத்து, அவர்களுக்காகவே தனியாக ஒரு பக்கம் போட்டு அனுப்பியிருந்தேன். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் சர்வர் லாகில் பார்த்தால் அந்தப் பக்கத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மூலையில், விவசாயிகள் தமிழில் பேசினால் பதில் சொல்லும் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் விலையும் முதலீடும் விசாரித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் எங்கள் ஊர்ப் பேச்சில், "வெள்ளாமைக்கு எப்பத் தண்ணி கட்டோணும்" என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டும் அதற்கு விளங்கவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி இலக்கணமாகப் பேசியதும் டக்கென்று பதில் வந்தது. அதைத்தான் எழுதினேன். அந்தக் கருவியைச் செய்த பெண்ணே படித்துவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கம் குரல் பதிவு செய்ய ஆள் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

ஆனால் பாஸ் இல்லாததால் இழந்ததும் உண்டு. மேடைப் பேச்சின் வீடியோ எப்படியும் வெளியே வந்துவிடும். பத்திரிகையாளர் சந்திப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது பாஸ் உள்ளவருக்கு மட்டும். எம்பார்கோவும் அப்படித்தான்: இன்ன தேதி, இன்ன மணி வரை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு விவரம் முன்கூட்டியே போய்விடும். அவர்கள் நிதானமாகச் சோதித்து எழுதி வைத்திருப்பார்கள். நான் அறிவிப்பு வந்த பிறகு அவசரத்தில் உட்கார வேண்டும். சிறு இதழ் மேலோட்டமாக எழுதுகிறது என்று பிறகு பாஸ் மறுத்தவர்களே சொல்வார்கள்.

ஓசி பாஸுக்காகவும் அங்கே தரும் இலவசப் பைகளுக்காகவும் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற உன் கவலை நியாயமானது. லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் போன்ற பெரிய கண்காட்சியிலேயே சமீபத்தில் வெளியான கட்டுரைகளைக் காட்டச் சொல்கிறார்கள். நீயும் அதையே கேள். மூன்று கட்டுரை, அவரவர் பெயரோடு வந்தவை. வாங்கி வைத்தால் போதாது, யாராவது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். நாற்பது பேர் என்றால் 120 கட்டுரை. இரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எல்டபிள்யூஎன் நினைவிருக்கிறதா? கல்லூரி லேபில் நாம் படிப்போமே, லினக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய அந்த இணைய இதழ். 1998-ல் தொடங்கியது. 2002-ல் பணம் தீர்ந்து மூடப்போகிறோம் என்றார்கள். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள், அந்த வருடமே சந்தாவுக்கு மாறி இன்றும் நடக்கிறது. ஆசிரியர் குழுவை விரல்விட்டு எண்ணிவிடலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், எதில் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவார்கள். பெரிய நாளிதழ்கள் அந்த அறைக்கு ஆள் அனுப்பாது. பயணச் செலவை லினக்ஸுக்கு ஆதரவு தரும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அமைப்பு கொடுத்தால் கட்டுரையின் அடியிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். வாசகர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்களைக்கூட யாராவது வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், இதைக் கட்டாயம் கவனி. படிவத்தில் வீட்டு முகவரி கேட்காதே. அமெரிக்காவின் ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில் 2019-ல் நடந்தது தெரியுமா? 2,000-க்கும் மேற்பட்ட செய்தியாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்த பட்டியல், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி அவர்களுடைய தளத்திலேயே கிடந்தது. பெரிய பத்திரிகைக்காரர் அலுவலக முகவரி கொடுத்திருப்பார். தனியாக எழுதுகிறவருக்கு வீடுதானே அலுவலகம்? அதில் பெண்களும் இருந்திருப்பார்கள், யோசித்துப் பார். உங்களுக்குப் பெயர், மின்னஞ்சல், கட்டுரைச் சுட்டிகள் போதும். மாநாடு முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள். ஸ்பான்சர் கேட்டாலும் கொடுக்காதே, கேட்பார்கள்.

செய்தியாளர் அறை பெரிதாக வேண்டாம். பிளக் பாயிண்ட் உள்ள இரண்டு மேசை, ஒழுங்கான வைஃபை இருந்தால் போதும். கேள்வி நேரத்தில் சிறு இதழ்க்காரர் கையிலும் மைக் போகட்டும்.

நானும் விண்ணப்பம் போடுகிறேன். மூன்று கட்டுரை இணைத்திருக்கிறேன். நீ பார்க்காதே. குழுவில் என்னைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவர் வேண்டாம் என்றால், எதனால் என்று ஒரு வரி எழுதி அனுப்பட்டும். எப்படியும் ஊருக்கு வருவேன், அம்மாவைப் பார்க்க வேண்டும். தேதி முடிவானதும் சொல், ரயிலுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
உன் பங்காளி