பெயரில்லாத முகங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்களில் பழைய குடும்பப் படங்களை மாட்டி வைப்பது நல்ல காரியம். ஆனால் குறிப்பு அட்டையில் பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கிறது; பெண்கள் வெறும் 'மனைவி', 'மகள்' ஆகிவிடுகிறார்கள். இது மனதை உறுத்துகிறது. படத்தின் பின்பக்க எழுத்து, ஸ்டூடியோ முத்திரை, குடும்பத்துப் பெரியவர்களின் நினைவு என்று தேடினால் பல பெயர்கள் கிடைக்கும். தாமதித்தால் சொல்ல ஆளிருக்காது. பெயர் தெரியாத படங்களுக்குக் கீழே 'தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.

அப்புறம், வெளிச்சம். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டு ஆல்புமின் படங்கள் ஒளி பட்டால் மஞ்சளித்து மங்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும் என்பதே வழக்கமான பரிந்துரை. அசலைப் பத்திரப்படுத்திவிட்டு நல்ல நகலைக் காட்சிக்கு வைத்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்