கோழிக்குச் சூடு வேண்டாம், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

கொம்மாவும் நானும் நல்ல சுகம். வருகிற சனிக்கிழமை சித்தப்பா ஒட்டாவா போகிறார். அல்கொன்குவின் காட்டு வழியால் போவதால், ரென்ஃபுரூவில் உங்கள் வீட்டில் இறங்கி ஒரு பெட்டி தந்துவிட்டுப் போவார். அப்பிள் சோஸ் போத்தல்கள், கொம்மா செய்த சட்னி, காயவைத்த அப்பிள் வளையங்கள், அடியில் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். நீ இரவு வேலை முடித்து வந்து நித்திரைத் தூக்கத்தில் "ஓமப்பா, ஓமப்பா" என்று சொல்லிவிட்டு ஒன்றையும் கேளாமல் விட்டுவிடுவாய். மாரியில் கோழிகளை எப்படிப் பார்ப்பதென்று எழுதித் தந்தால் கோழிக்கூட்டுக்குள் ஒரு ஆணியில் கொழுவி வைக்கலாம்.

போன கிழமை நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டின் நடுவில் சிவப்பு பல்பு ஒன்று தொங்குகிறது. முதல் வேலையாக அதைக் கழற்று. அது 250 வாட் சூட்டு விளக்கு. கீழே கிடப்பது காய்ந்த மரச்சீவல், கூடு முழுக்க இறகுத் தூசி. ஒரு கோழி பறந்து தட்டி விளக்கு விழுந்தால் கூடு எரிந்துவிடும். ஒவ்வொரு மாரியிலும் இப்படிக் கூடுகள் எரியத்தான் செய்கின்றன. எரியாவிட்டாலும் வேறொரு கேடு இருக்கிறது. விளக்குச் சூட்டில் பழகின கோழி குளிருக்குத் தன்னைத் தயார்படுத்தாது. தை மாதத்தில் உறைமழை பெய்து கரண்ட் போனால், அன்றிரவுதான் அவற்றுக்கு உண்மையான ஆபத்து.

உங்கள் பக்கம் மைனஸ் 30 வரும் என்று நீ சொல்வாய். வரட்டும். கோழியின் உடல் வெப்பம் 41 பாகை, எங்களுடையதை விட 4 பாகை கூட. இரவில் இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும். கொம்மா நவம்பரில் போடுகிற ஜாக்கெட்டுக்குள் இருப்பதும் பறவையின் இறகுதானே! கோழிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. ஸ்வெட்டர் இறகை அமுக்கிவிடும், பிறகு சிலிர்க்கவே முடியாது.

குளிர் முதலில் பிடிப்பது இறகில்லாத இடங்களைத்தான்: கொண்டை, தாடி, கால்விரல். கியூபெக்கில் ஒக்கா என்ற ஊர் மடத்தில் சகோதரர் வில்ஃப்ரிட் ஷாத்தெலேன் என்று ஒரு துறவி இருந்தார். கனடாவின் குளிருக்கு ஏற்ற கோழி வேண்டுமென்று 1908-ல் தொடங்கிப் பல இனங்களைக் கலந்து ஷன்டெக்ளேர் என்ற இனத்தை உருவாக்கினார். அதன் கொண்டை ஒரு சின்ன மொட்டளவு, தாடி இருக்கிறதோ இல்லையோ என்று தேட வேண்டும். உன்னுடைய வையண்டொட் பேடுகளுக்கும் கொண்டை தட்டையாகப் படிந்துதான் இருக்கிறது, அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. வெள்ளை லெக்ஹோர்ன் ஒன்று வைத்திருக்கிறாயே, கொண்டை பெருத்துச் சரிந்து நிற்கிறது, அதன் மேல் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள். கொண்டையில் வாசலின் பூசச் சொல்வார்கள். பூசினால் குற்றமில்லை, ஆனால் அதை நம்பி இருக்காதே. நுனி கறுக்கத் தொடங்கினால் கூட்டுக்குள் ஈரம் கூடிவிட்டது என்று எடு.

நான் பயப்படச் சொல்வது இந்த ஈரத்துக்குத்தான். அப்பிள் அவிக்கிற நாளில் கொம்மா குசினி யன்னலைத் திறந்துவிடச் சொல்லுவா, ஞாபகம் இருக்கிறதா? நான் குளிருகிறது என்று பூட்டுவேன். அரை மணித்தியாலத்தில் கண்ணாடி முழுக்க நீர் வடியும், சுவரும் வியர்க்கும். உன் கோழிக்கூடும் இரவில் அந்தக் குசினி மாதிரித்தான். கோழிகள் இரவு முழுக்க மூச்சு விடுகின்றன, எச்சமிடுகின்றன. எச்சத்தில் முக்கால்வாசி தண்ணீர். அந்த ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் கொண்டையில் படிந்து உறையும். எச்சத்திலிருந்து வரும் அமோனியா நெஞ்சைக் கெடுக்கும். விடியக் கூட்டைத் திறக்கும்போது உன் கண் எரிந்தால், அல்லது யன்னலின் உள்பக்கத்தில் உறைபனி படிந்திருந்தால், காற்றுப் போதவில்லை.

ஆகவே அந்த மேல் துவாரங்களை அடைத்து வைத்திருக்கிறாயே, அந்தப் பஞ்சை எடு. கூரைக்குக் கீழே, இரண்டு எதிர்ப்பக்கச் சுவர்களிலும், மாரி முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். கோழி படுக்கிற உயரத்தில் மட்டும் காற்று நேரே அடிக்கக்கூடாது, அங்கே இருக்கிற வெடிப்புகளை அடை. மேலே திறப்பு, கீழே அடைப்பு. இதைத் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

படுக்கும் தடிக்கு உருண்டைக் கொப்பு வேண்டாம். இரண்டுக்கு நான்கு அங்குலப் பலகையை அகலப்பக்கம் மேலே வரும்படி போட்டால், கோழி பாதத்தைத் தட்டையாக வைத்து வயிற்று இறகால் மூடிக்கொள்ளும், விரல் தப்பும். தரையில் மரச்சீவலை 15 சென்டிமீற்றர் உயரத்துக்குப் போட்டு, ஈரமானதைக் கிளறிவிட்டு மேலே மேலே புதிது போட்டு வா. இளவேனிலில் ஒரேயடியாக வாரித் தோட்டத்துக்குப் போடலாம். தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்காதே, அதுவும் ஈரம். வெளி அடைப்பில் வை. உறைகிற காலத்தில் நாய்களுக்கு விற்கிற சூட்டுக் கிண்ணம் வாங்கு, அதற்கு மட்டும் கரண்ட் செலவழிக்கலாம். தண்ணீர் குடிக்காத கோழி தீனும் தின்னாது, தின்னாவிட்டால் உடம்பில் சூடு எங்கேயிருந்து வரும்? பொழுதுபட முன் ஒரு பிடி சோளம் எறி. இரவு முழுக்கச் சமித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடு போதும்.

ரக்கூனுக்குச் சாதாரணக் கொளுக்கி விளையாட்டு, திறந்துவிடும். இரண்டு அசைவு வேண்டிய பூட்டாகப் போடு. மெல்லிய கோழிவலைக்குப் பதிலாக அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலை அடி. வீசல் என்கிற இங்கத்தைச் சின்ன மரநாய் ஒரு அங்குல ஓட்டைக்குள்ளாலும் வரும். ஊரில் ஆச்சியின் கோழிகள் மாமரத்தில் ஏறிப் படுத்தன. அவவுக்கு இருந்த பயமும் மரநாய்க்குத்தான், குளிர் என்ற ஒன்று கணக்கிலேயே இல்லை.

முட்டை நின்றுவிட்டது, இறகும் கொட்டுகிறது, வருத்தமோ என்று கேட்டிருந்தாய். வருத்தமில்லை. நீ வாங்கினது ஒரு வயது தாண்டிய பேடுகள், இலையுதிர் காலத்தில் அவை பழைய இறகைக் கழித்துப் புதிது போடும். இறகு ஏறக்குறைய முழுக்கவே புரதம், அதைச் செய்கிறபோது முட்டைக்கு மிஞ்சாது. முட்டைக் கோழித் தீனில் 16 வீதம் புரதம் இருக்கும். இறகு முளைத்து முடியும்வரை 20 வீதம் உள்ள தீனுக்கு மாறு, சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்தில் வை, வேண்டினது தின்னும். புது இறகு முள்ளு முள்ளாக வரும்போது கையில் தூக்காதே, அதற்கு நோகும்.

மற்றக் காரணம் வெளிச்சம். கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டின் ஊடாகவும் கோழியின் மூளை வெளிச்சத்தை உணரும். பகல் 14 மணித்தியாலத்துக்குக் குறையக் குறைய முட்டையும் குறையும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் ஆகக் குறுகிய பகலே ஏறத்தாழ 11½ மணித்தியாலம். உங்களுக்கு டிசம்பர் 21-ல் 9 மணித்தியாலமும் வராது. சின்ன எல்.ஈ.டி. பல்பும் ரைமரும் வைத்து விடியற்காலையில் வெளிச்சம் கொடுத்து இட வைக்கிறவர்கள் உண்டு, அது பிழையுமில்லை. நான் வைப்பதில்லை. வருடம் முழுக்க இட்ட கோழி இரண்டு மாதம் சும்மா இருக்கட்டும். கடையில் முட்டை இருக்கிறது.

இனி அப்பிள். நாங்கள் இருக்கிற இந்த ஜோர்ஜியன் குடாக் கரை, தோன்பெரியிலிருந்து மீஃபோர்ட் வரை, முழுக்கத் தோட்டம். குடாத் தண்ணீர் கோடையில் பிடித்த சூட்டை மெல்ல மெல்ல விடுவதால் இலையுதிர் காலத்து உறைபனி பிந்தி வரும், பழம் மரத்திலேயே முற்றும். தோட்டத்து வாசலில் அடிபட்ட பழம், வடிவில்லாத பழம் என்று ஒதுக்கினதைப் பாதி விலைக்குத் தருவார்கள். சமையலுக்கு அது தாராளம். ஒரு புஷல் 19 கிலோ அளவில் வரும், முதுகைப் பார்த்துத் தூக்கு.

ஒரே இனத்தில் சோஸ் வைக்காதே. மக்கின்ரோஷ் கெதியாகக் கரைந்து குழையும், வாசமும் அதில்தான். அது உங்கள் பக்கத்துப் பழம், தெரியுமா? ஒட்டாவாவுக்குத் தெற்கே டன்டீலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் 1811-ல் காடு வெட்டும்போது கண்ட கன்றுகளில் ஒன்று. உலகத்தில் இருக்கிற மக்கின்ரோஷ் மரமெல்லாம் அந்த ஒரு மரத்தின் ஒட்டு. நோர்தன் ஸ்பை பிந்திப் பழுக்கும், புளிப்பு, அவித்தாலும் துண்டு உடையாது. இரண்டையும் பாதி பாதி போட்டால் சோஸ் கூழாகவும் இருக்காது, கல்லாகவும் இருக்காது. சீனி கடைசியில், ருசி பார்த்து. கறுவாப் பட்டை ஒன்று, கராம்பு இரண்டு, அதற்கு மேல் போட்டால் மருந்து மணக்கும்.

கொம்மா ஸ்பையில் கறியும் வைக்கிறா. தோலோடு பெரிய துண்டாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப் பாலில் மாங்காய்க் கறிக்குப் போடுகிற பக்குவத்தில். பிட்டோடு சாப்பிட்டுப் பார், பிறகு மா ஓட்டில் வைத்துச் சுடுகிற அப்பிள் பை செய்ய மனம் வராது. பை விசயத்தில் எனக்கும் அவவுக்கும் ஒத்துப்போகாது, எனக்கு அந்த மா ஓடு வெறும் வேலைக்கேடு.

போத்தலில் அடைப்பதென்றால் சோஸ் கொதிக்கக் கொதிக்க ஊற்று, மேலே ஒரு சென்டிமீற்றருக்குச் சற்றுக் கூட இடம் விட்டு மூடி, கொதிநீருக்குள் முழுக்க மூழ்க வைத்து அரை லீற்றர் போத்தலை 20 நிமிடம் அவி. அப்பிளில் புளிப்பு இருப்பதால் இந்த முறை சரிவரும். இதே நம்பிக்கையில் மரக்கறியை அடைத்துவிடாதே, அதற்கு அழுத்தச் சட்டி வேண்டும்.

தோலைக் கோழிக்குப் போடலாம், பைத்தியமாகத் தின்னும். கணக்கு மட்டும் வை: இப்படியான பண்டமெல்லாம் சேர்ந்து ஒரு நாள் தீனில் பத்தில் ஒரு பங்குக்கு மிஞ்சக்கூடாது, முக்கியமாக இறகு முளைக்கிற இந்த நேரத்தில். வாளி வாளியாகத் தோல் தின்றால் புரதத் தீனுக்கு வயிற்றில் எங்கே இடம்? நடுக்கட்டையைப் போடாதே. விதையில் இருக்கிற அமிக்டலின் வயிற்றில் சயனைட்டாக மாறும். ஒன்றிரண்டு விதையால் ஒன்றும் ஆகாது, ஒரு புஷலின் விதை வேறு கதை. பூஞ்சணம் பிடித்ததும் வேண்டாம். நடுக்கட்டையைத் தண்ணீரில் அவித்து வடித்தால் ஜெலியை இறுக வைக்கிற பெக்ரின் இறங்கும், அந்த நீரில் ஜெலி வைக்கலாம், சக்கை உரக்கிடங்குக்கு.

பழத்தைக் கூட்டுக்கு வெளியே, காட்டுத்தாரா, வாத்து இறங்குகிற இடத்தில் சிந்தவும் விடாதே. 2021 மார்கழியில் நியூபவுண்ட்லாந்தில் கண்ட பறவைக் காய்ச்சல் அதற்குப் பிறகு நாடு முழுக்கச் சின்னச் சின்ன வளவுக் கோழிகளிலும் வந்தது. வலசை போகிற பறவைகள் அதைக் காவும். அடைப்புக்கு மேலே கூரை போடு, கூட்டுக்குப் போக ஒரு சோடி சப்பாத்தைத் தனியாக வைத்துக்கொள்.

மருமகனிடம் சொல்லு, பஞ்சை எடுக்கிற வேலையோடு மண் அள்ளுகிற வேலையையும் மண் உறைய முன் செய்யட்டும். அடைப்பின் ஒரு மூலையில் கூரைக்குக் கீழே காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு தொட்டி வைத்தால் மாரியிலும் கோழி புழுதி குளிக்கும், பேன் பிடிக்காது. மண் உறைந்தபின் அதை எங்கேயிருந்து எடுப்பது?

சித்தப்பா திங்கட்கிழமை திரும்பி வருவார். போன வருடத்து வெறும் போத்தல்களைக் கழுவி அவரிடம் கொடுத்துவிடு. தட்டை மூடிகளை எறிந்துவிடு, அவை இரண்டாம் முறை இறுகாது. மூடியை இறுக்குகிற வளையங்கள் எல்லாம் வேண்டும், இங்கே தட்டுப்பாடு.

அன்புடன்,
அப்பா