எமர்ஜென்சி இல்லாத துறைன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்காக 'எந்த ஸ்பெஷாலிட்டி எடுக்கலாம்'னு வந்த கட்டுரையை முழுசா படிச்சேன். அதுல எண்டோகிரினாலஜிக்குன்னு, அதாவது ஹார்மோன் சம்பந்தப்பட்ட வியாதிகளைப் பாக்கிற துறைக்குன்னு, ஒதுக்குன ரெண்டு பத்திதான் என்னை இந்த லெட்டர் எழுத வச்சுது. நைட் டூட்டி இல்ல, எமர்ஜென்சி இல்ல, ஆபரேஷன் இல்ல, சுகர் பேஷண்டும் தைராய்டு பேஷண்டும் ஊருக்கு ஊர் இருக்காங்க, சொந்தமா ஒரு கிளினிக் போட்டுட்டா வாழ்க்கை செட்டில்னு எழுதியிருக்கீங்க. வருமானத்தைப் பத்தி எழுதுறது தப்பில்ல, அவ்ளோ வருஷம் படிச்சிட்டு வர்றவங்களுக்கு அதுவும் வேணும்தான். ஆனா எமர்ஜென்சி இல்லைன்னு எழுதினதை மட்டும் என்னால விட முடியல, ஏன்னா என் பையன் உயிரோட இருக்கிறதே அந்த எமர்ஜென்சியை ராத்திரியில ஒருத்தர் புரிஞ்சிக்கிட்டதாலதான்.

அவனுக்கு கஞ்செனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமா சி.ஏ.ஹெச்-னு சொல்வாங்க. கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பி, காய்ச்சல் மாதிரி நேரத்துல உடம்பைத் தாங்க வைக்கிற கார்டிசால்ங்கிற ஹார்மோனைச் சுரக்காது, உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் சுரக்காது. பொம்பளைப் பிள்ளையா இருந்தா பிறப்புறுப்புல வித்தியாசம் தெரிஞ்சு பிறந்ததுமே சந்தேகப்படுவாங்க, ஆம்பளைப் பிள்ளைன்னா பார்வைக்கு ஒண்ணுமே தெரியாது. பிறந்து ரெண்டு மூணு வாரத்துல பால் குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்க ஆரம்பிச்சான், எடை ஏறல, சோர்ந்து சோர்ந்து தூங்குனான். முதல்ல காமிச்ச இடத்துல பால் ஒத்துக்கலைன்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க, ரெண்டாவது இடத்துல இன்ஃபெக்ஷன்னாங்க. கடைசியா அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுக்கு தூக்கிட்டு ஓடுனோம், அங்க டூட்டியில இருந்தது எம்.டி படிச்சிட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணு. லேப் ரிப்போர்ட்ல சோடியம் 112, பொட்டாசியம் 7.8. அந்த ரெண்டு நம்பரையும் பேனாவால சுழிச்சிட்டு, வார்டு வாசல்ல நின்னுக்கிட்டே வேற ஊர்ல இருக்கிற தன்னோட ப்ரொஃபசருக்கு போன் போட்டாங்க. அவர் எண்டோகிரினாலஜிஸ்ட், இவங்களுக்கு எம்.பி.பி.எஸ்-ல கிளாஸ் எடுத்தவர். 'சார் நீங்க சொல்லுவீங்களே, வாந்தியோட வர்ற பச்சக்குழந்தைக்கு சோடியம் குறைஞ்சு பொட்டாசியம் கூடியிருந்தா அட்ரீனலை யோசின்னு, அப்படியே இருக்கு சார்'னு அந்தப் பொண்ணு பேசினது எனக்கு அப்படியே கேட்டுச்சு. அவர் போன்லயே டோஸ் சொன்னார், விடியறதுக்குள்ள கார்டிசாலுக்குப் பதிலா குடுக்கிற ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஏறி, சலைன் ஏறி, பிள்ளை கண்ணைத் திறந்து அழுதான்.

அந்த ப்ரொஃபசர் அன்னைக்கு அங்க இல்ல, அவர் சொல்லிக் குடுத்தது அங்க இருந்துச்சு. எண்டோகிரினாலஜியில லீடர்ஷிப்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான், உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்லாததும் இதுதான்.

பையனுக்காகப் படிக்க ஆரம்பிச்சதுல இந்தத் துறையோட கதை கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்காவுல பால்டிமோர்ல லாசன் வில்கின்ஸ்னு ஒரு குழந்தை டாக்டர், சொந்த பிராக்டிஸ் பண்ணிட்டிருந்தவர், 1935-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில குழந்தைகளோட ஹார்மோன் பிரச்னைக்குன்னே ஒரு கிளினிக் ஆரம்பிச்சார். 1950-ல என் பையனுக்கு இருக்கிற இதே வியாதிக்கு கார்டிசோன் வேலை செய்யுதுன்னு எழுதினவர் அவர். அதோட நிக்காம அவர்கிட்ட பயிற்சி எடுத்த டாக்டர்கள் பல நாட்டுக்குப் போய் அங்கங்க டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சாங்க, குழந்தைகள் எண்டோகிரினாலஜின்னு ஒரு துறை உலகத்துல உருவானதே அப்படித்தான். நம்ம நாட்டுல மும்பை வாடியா ஆஸ்பத்திரியில டாக்டர் மீனா தேசாய், வேலூர் சி.எம்.சி-யிலயும் பிறகு பெங்களூருவிலயும் டாக்டர் பி.ரகுபதி, இவங்கள்லாம் இதே மாதிரி ஆள் உருவாக்கினவங்க. இந்தப் பேரெல்லாம் படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?

நம்ம சென்னையிலயே டாக்டர் வி.சேஷய்யா இருந்தார். அவரை டயபடாலஜிஸ்ட், அதாவது சர்க்கரை நோய் டாக்டர்னுதான் சொல்வாங்க, ஆனா இன்சுலினும் ஹார்மோன்தானே, ரெண்டும் ஒட்டிப் பிறந்த துறைங்க. 1978-ல சென்னை மருத்துவக் கல்லூரியில சர்க்கரை நோய்க்குன்னு தனி டிபார்ட்மெண்ட் வந்தது அவரால. அதைவிட எனக்குப் பெருசாத் தெரியுறது கர்ப்பிணிகளுக்கு அவர் கொண்டுவந்த ஒத்த டெஸ்ட். வெறும் வயித்தோட வரவேண்டாம், சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலக்கிக் குடிக்கச் சொல்லி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து, 140-ஓ அதுக்கு மேலயோ இருந்தா கர்ப்பகால சர்க்கரைன்னு எடுத்துக்கலாம். காலையில பஸ் பிடிச்சு, அதுக்கு முன்னாடி வீட்டு வேலையெல்லாம் முடிச்சு, பசியோட வந்து மூணு தடவை ஊசி குத்திக்கிட்டு உக்காந்திருக்க கிராமத்துப் பொண்ணுங்களால முடியுமா, முடியாதுன்னா என்ன பண்ணலாம்னு ஒரு ப்ரொஃபசர் யோசிச்சிருக்கார் பாருங்க. இந்த டெஸ்ட் சில கேஸை விட்டுடுதுன்னு டாக்டர்கள் நடுவுல விவாதம் இருக்கு, இருக்கட்டும். ஆனா 2014-ல மத்திய அரசோட வழிகாட்டுதல்லயே அந்த முறை வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸே செய்யலாம், அவரோட பிறந்தநாளான மார்ச் 10-ஐ கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க.

உப்பு கதையும் இருக்கு, தைராய்டு ஹார்மோன் சுரக்க அயோடின் வேணும். இமாச்சல்ல காங்க்ரா பள்ளத்தாக்குல 1956-ல இருந்து டாக்டர் வி.ராமலிங்கசுவாமி டீம் சில ஊருக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்கு சாதா உப்புன்னு குடுத்துப் பாத்து, அயோடின் உப்பு போன ஊர்ல கழுத்துக்கழலை குறையுதுன்னு காமிச்சாங்க, அவர் பேத்தாலஜிஸ்ட். அதுக்கப்புறம் டெல்லி எய்ம்ஸ் எண்டோகிரினாலஜிஸ்ட் டாக்டர் என்.கொச்சுப்பிள்ளை, உத்தரப்பிரதேசத்துல அயோடின் பத்தாத மாவட்டங்கள்ல பிறந்த குழந்தைங்களோட தொப்புள்கொடி ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் அளந்து, இது கழுத்து வீக்கத்தோட முடியுற விஷயமில்ல, பிள்ளையோட மூளையையே பாதிக்குதுன்னு எடுத்துச் சொன்னார். கிளினிக்ல உக்காந்து ஒவ்வொரு பேஷண்டா பாத்துட்டிருந்தா இத்தனை பேருக்கு நல்லது பண்ணியிருக்க முடியுமா?

இப்ப நிலைமைக்கு வரேன். எம்.பி.பி.எஸ் அஞ்சரை வருஷம், எம்.டி மூணு வருஷம், நீட் எஸ்.எஸ்-ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி, எண்டோகிரினாலஜிக்கான டி.எம் மேல்படிப்பு இன்னொரு மூணு வருஷம், நடுவுல எதுவும் தட்டாம போனாலே பதினொன்றரை வருஷம் ஆயிடுது. வெளியில வரும்போது முப்பது தாண்டியிருக்கும், கல்யாணம், கடன், குழந்தை எல்லாம் வரிசையில நிக்கும். அவங்களுக்கு மாவட்டத்துல அரசுப் பணியிடமே இல்லைன்னா பெரிய சிட்டியில கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க, அவங்களைக் குறை சொல்லி என்ன பண்றது. எங்க மாவட்டத்துல அரசு ஆஸ்பத்திரியில எண்டோகிரினாலஜிஸ்ட்னு ஒருத்தர்கூட இல்ல, செக்கப்புக்கு நாலு மணி நேரம் பஸ்ல போறோம். 2023-ல வந்த, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர்-ஓட இண்டியாப் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிக்கு மேல சர்க்கரை நோயாளிங்க, எத்தனை டி.எம் படிச்சு வந்தாலும் அத்தனை பேரையும் அவங்களே பாக்கவே முடியாது. அதனாலதான் சொல்றேன், மாவட்டத்துக்கு ஒருத்தர் இருந்தாலும் அவர் வேலையில பாதி மத்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் சொல்லிக் குடுக்கிறதா இருக்கணும், அதுக்கு நேரமும் பதவியும் சம்பளமும் அரசாங்கம் குடுக்கணும்.

வீட்டுல நடக்கிறதையும் சொல்லிடறேன். 10 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை பிளேடு வச்சு நாலாக் கீறி, அதுல ஒரு துண்டைப் பொடி பண்ணி ஸ்பூன்ல கரைச்சு, ஒரு நாளைக்கு மூணு வேளை குடுத்தேன். துண்டு ஒரே அளவா வராது, ஒண்ணு பெருசாவும் ஒண்ணு தூளாவும் போகும். உடம்புல உப்பு தங்காததால பால்ல உப்பும் கலந்து குடுக்கணும், கைக்குழந்தைக்குப் போய் பால்ல உப்பு கலக்குறாளேன்னு என் மாமியார் பயந்தே போயிட்டாங்க, டாக்டர் அவங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பொறுமையா விளக்கினார். காய்ச்சல் வந்தா மாத்திரையை ரெண்டு மூணு மடங்கு ஆக்கணும், வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னா உடனே தொடையில ஊசி. அதையெல்லாம் தமிழ்ல பெரிய எழுத்துல ஒரு அட்டையில எழுதி சீல் வச்சுக் குடுத்திருக்கார். அதை நாங்க ஸ்கூல் டீச்சர்கிட்டயும் காமிச்சிருக்கோம், எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் குடுத்திருக்கோம், ஒரு தடவை ராத்திரி அங்க தூக்கிட்டுப் போனப்ப அட்டையைப் படிச்சிட்டு ஒரு கேள்வி கேக்காம ஊசி போட்டாங்க.

பிறந்ததும் குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தா எங்க பிள்ளை அந்த நிலைமைக்கே போயிருக்க மாட்டான். ஐ.சி.எம்.ஆர் அஞ்சாறு ஊர்ல ஒரு லட்சம் குழந்தைங்களுக்கு மேல டெஸ்ட் பண்ணி 2018-ல வெளியிட்ட கணக்குல, சி.ஏ.ஹெச் சென்னையில ஏறக்குறைய 2,000 குழந்தைக்கு ஒண்ணு. பிறவி தைராய்டு குறைபாடு அதைவிட ஜாஸ்தி. கேரளாவுல அரசு ஆஸ்பத்திரியில பிறக்கிற குழந்தைங்களுக்கு இந்த ரெண்டு டெஸ்ட்டும் எடுக்கிறாங்க. நம்ம ஊர்ல எல்லாப் பிரசவ வார்டுலயும் இது வரணும்னா யாராவது தலைமை எடுத்து, லேப் யாரு, ரிசல்ட் வந்தா தாய்க்கு போன் பண்றது யாரு, மருந்து ஸ்டாக் எங்கன்னு எல்லாத்தையும் கோர்க்கணும், அதை எண்டோகிரினாலஜிஸ்ட்டைத் தவிர வேற யாரு செய்வாங்க?

கட்டுரையோட அடுத்த பாகம் வரும்னு போட்டிருக்கீங்க. அதுல அரசு மருத்துவக் கல்லூரியில இந்தத் துறைக்குத் தலைவரா இருக்கிற யாராவது ஒருத்தரைப் பேட்டி எடுத்துப் போடுங்க. என்ன சம்பளம்ங்கிறதோட, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, யாருக்குச் சொல்லிக் குடுக்கறீங்க, எத்தனை பணியிடம் காலியா கிடக்குன்னும் கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு தென்மாவட்ட வாசகி