‘மேற்கத்தையச் சரக்கு’ என்ற வாதம் யாருக்கு உதவுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் ஒழுங்காக நடந்து, கூடுதல் வாக்குப் பெற்றவர்கள் ஆட்சியமைத்தால் அதுவே சனநாயகம் என்றும், பேச்சுரிமை, மதச் சுதந்திரம், சிறுபான்மையோருக்கான காப்புகள் முதலியவை எமது மண்ணுக்கு ஒவ்வாத மேற்கத்தையச் சரக்கு என்றும் வாதிடும் கட்டுரையொன்றைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். இக்கருத்தை மறுக்காமல் விட மனம் ஒப்பவில்லை.

ஆசியாவிலேயே முந்திக்கொண்டு 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு எமது இலங்கை. அந்நாட்டில், 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தமக்கென உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் மறு ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நாடும் வாக்கும் அற்றவர்களாயினர். சதிப்புரட்சி எதுவும் நடக்கவில்லை. சட்டமூலம் முறைப்படி விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டங்களைத் தடுப்பதற்கென்றே, சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியல் யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தும் அது அவர்களைக் காக்கவில்லை. 1972இல் அந்தப் பிரிவும் இல்லாமற் போயிற்று. ஆளுவோரைப் பெரும்பான்மை தெரிவுசெய்வதோடு, எந்தப் பெரும்பான்மையும் கைவைக்கக் கூடாதவை எவை என்ற வரம்பும் சேர்ந்திருந்தால்தான் அதை நவீன சனநாயகம் என்பேன்.

இந்த வரம்பு மேற்குக்கு மட்டும் உரியதா? இவ்வாறு கேட்டவுடன் எம்மவர் பலர் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையில், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தெரிவுக்குத் தகுதியற்றவர் என்று விதித்திருந்தது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆயினும் அந்தக் குடத்துக்குள் பெண்ணின் பெயரோ, வயலில் உழைத்தவரின் பெயரோ விழுந்ததில்லை. இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய சபையோருக்கே அது உரியதாயிருந்தது. பழம்பெருமையைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முடியாது.

இலங்கையின் யாப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபோது, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குரிமை அளிப்பது எமது சமுதாயத்துக்குப் பொருந்தாது என்று எதிர்த்தவர்களுள் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பண்பாட்டின் பெயரால் பேசியவர் உயர்குடியினர். வாக்கு வேண்டி நின்றவர் அந்தப் பண்பாட்டின் அடித்தட்டில் இருந்தவர். 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தோருள்ளும் சீனத்தின் சாங், லெபனானின் சார்ள்ஸ் மாலிக், பெண்களும் அடங்கும்படி முதலாம் உறுப்புரையின் சொற்களை மாற்றுவித்த இந்தியாவின் ஹன்சா மேத்தா ஆகியோர் இருந்தனர் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

எமது திருகோணமலை நகரில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் போராடி வருகின்றனர். வெயிலில் வெளிறிய படங்களை நெஞ்சோடு அணைத்தபடி அவர்கள் கேட்பது ஒன்றே: பிடித்துக்கொண்டு போன பிள்ளையைக் காட்டுங்கள், இல்லையேல் என்ன நடந்ததென்று சொல்லுங்கள். ஆட்கொணர்வு மனு என்று சட்டம் வகுத்திருப்பதும் இதையே. இது உங்களுக்கு ஒவ்வாத அந்நிய விழுமியம் என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கு நா எழும்?

கசப்பானதாயினும் எம்மவருக்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. 2018இல் இந்நகரப் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, பாடசாலையின் பண்பாட்டைக் காட்டி அதனை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் தமிழர்களே. ஓர் ஆசிரியை எதை உடுத்துவது என்பதை ஓரிடத்தில் தொகையாக இருப்போர் கூடித் தீர்மானிக்கலாமென்றால், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று 1956இல் பாராளுமன்றப் பெரும்பான்மை தீர்மானித்ததைக் குறைசொல்ல எமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.