முழுப் பேட்டியையும் கையில் கொடுங்கள்: அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் செய்திப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024 அக்டோபரில் கமலா ஹாரிஸ் பேட்டியால் சிபிஎஸ் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெதன்யாகு பற்றிய ஒரே கேள்விக்கு, சிபிஎஸ்ஸின் 'ஃபேஸ் த நேஷன்' நிகழ்ச்சியில் வந்த முன்னோட்டத்தில் ஒரு பதில். மறுநாள் அதே சிபிஎஸ்ஸின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் வேறொன்று. பதிலையே மாற்றிவிட்டார்கள் என்றார் டிரம்ப். ஒரே பதிலின் வேறு வேறு பகுதிகள்தான் என்றது சிபிஎஸ். யார் சொல்வது உண்மை என்று பார்க்க ஒன்றே ஒன்று போதும்: பேட்டியின் முழு எழுத்துப்படி. அது சிபிஎஸ் கையிலேயே இருந்தது. கொடுக்கவில்லை.

நவம்பர் 5 அன்று தேர்தலே முடிந்துபோனது. எழுத்துப்படி வெளியானது 2025 பிப்ரவரி 5 அன்று. அதையும் வெளியிட்டது சிபிஎஸ் மட்டுமல்ல. ஒளிபரப்பு உரிமம் வழங்கும் அரசு ஆணையமான எஃப்சிசியே கேட்டு வாங்கி வெளியிட்டது. படித்துப் பார்த்தால் சிபிஎஸ் சொன்னது சரி. இரண்டு துண்டும் ஒரே பதிலில் இருந்து வந்தவைதான். ஆனால் இந்த நான்கு மாதமும் சந்தேகப்பட்ட பார்வையாளர் எதை வைத்துச் சரிபார்த்திருப்பார்? அவர் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: உங்களை அப்படியே நம்புவது, அல்லது டிரம்பை அப்படியே நம்புவது. வாக்களிக்கப் போகிறவரை இப்படி நிறுத்தி வைத்தது டிரம்ப் அல்ல.

2025 ஜூலையில் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், இந்தப் பேட்டிக்காக டிரம்ப் தொடுத்த வழக்கை முடிக்க 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கூடவே, இனி அதிபர் வேட்பாளர்களின் பேட்டிகளுக்கு, ஒளிபரப்பான பிறகு எழுத்துப்படி வெளியிடுவோம் என்றது. செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய வேலை! அதிலும் அதிபர் வேட்பாளர்களுக்கு மட்டுமாம். செனட்டர்களும் ஆளுநர்களும் அமைச்சர்களும் என்ன பாவம் செய்தார்கள்?

எங்கள் கோரிக்கை இதுதான்: வெட்டித் தொகுத்து ஒளிபரப்பும் ஒவ்வொரு அரசியல் பேட்டிக்கும், அன்று இரவே, முழு எழுத்துப்படியை நேரக்குறியோடு வெளியிடுங்கள்.

இது புது வேலை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். படப்பிடிப்பு முடிந்ததும் பதிவு எழுத்தாக்கப்படுகிறது. அதில் கோடு போட்டுத்தான் தயாரிப்பாளர் எந்தப் பகுதி வேண்டும் என்று முடிவு செய்கிறார். முதலில் குரலை வெட்டி ஒட்டுகிறீர்கள். ஒட்டிய இடத்தில் படம் துள்ளும் என்பதால், செய்தியாளர் தலையாட்டும் காட்சியை மேலே போட்டு மூடுகிறீர்கள். அந்தத் தலையாட்டலுக்கு அடியில் போனது ஒரு இருமலா, ஒரு முழு வாக்கியமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே எழுத்துப்படியில் ஒளிபரப்பான வரிகளைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். சட்டக் காரணத்தாலோ ஒருவரின் பாதுகாப்புக்காகவோ எதையாவது மறைத்தால், அந்த இடத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். தள்ளித் தள்ளிப் பேசிய இரண்டு பேச்சைச் சேர்த்தால், சேர்த்த இடம் திரையில் தெரியட்டும். டிரம்பின் 2021 ஜனவரி 6 உரையில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு பகுதிகளை ஒரே பேச்சுபோல ஒட்டிய பிபிசி, அதற்குத் தன் தலைமை இயக்குநரையே இழந்தது.

இது ஒரு கட்சிக்குச் சாதகமான கோரிக்கை என்று ஃபாக்ஸ் நினைக்க வேண்டாம். 2024 ஜூனில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிடுவீர்களா என்ற கேள்விக்கு டிரம்ப் 'ஆம்' என்றதோடு உங்கள் முதல் ஒளிபரப்பு நின்றது. அவர் உடனே இழுத்துப் பேசித் தயங்கிய மிச்சப் பகுதி பிறகு வேறு நிகழ்ச்சியில்தான் வந்தது.

வெட்டவே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோம், தன் பேட்டியை வெட்டிவிட்டார்கள் என்று போட்ட சண்டைக்குப் பின், 2025 செப்டம்பரில் 'ஃபேஸ் த நேஷன்' இனி நேரலை, அல்லது நேரலைபோல வெட்டாத பதிவு மட்டுமே என்று முடிவெடுத்தது. இது தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம். நேரலையில் ஒருவர் அடுக்கும் பொய்களை நடுவில் நிறுத்திச் சரிபார்க்க நேரம் இருக்காது. தொகுப்பது உங்கள் தொழில். தொகுத்ததைக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

'பொய்ச் செய்தி' என்று கத்துகிறவர்கள் எல்லாம் உண்மை விளம்பிகளா என்ன? டிரம்ப் சொன்னபடி மெக்சிகோ வளைகுடாவின் பெயரை மாற்றி எழுதவில்லை என்பதற்காக ஏபி செய்தி நிறுவனத்தின் செய்தியாளரை வெள்ளை மாளிகையின் ஓவல் அறைக்கு வெளியே நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்களுக்கு உங்கள் மூடிய கோப்புதான் வெறும் வாய்க்குக் கிடைத்த அவல். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் 2025 கணக்கெடுப்பில் ஊடகங்கள் மீது நம்பிக்கை உள்ளவர்கள் 28 சதவீதம், 1976இல் 72. இதற்கும் டிரம்ப் ஒருவரே காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். 2025 நவம்பரில் '60 மினிட்ஸ்' டிரம்ப் பேட்டியைச் சுமார் 28 நிமிடம் ஒளிபரப்பிவிட்டு, 73 நிமிடப் பதிவை இணையத்தில் போட்டது. சிபிஎஸ்ஸிடம் பணம் வாங்கியதை அவர் அங்கே பெருமையாகச் சொன்னது ஒளிபரப்பில் இல்லை, எழுத்துப்படியில் இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதையே எல்லாப் பேட்டிக்கும், எல்லாக் கட்சிக்கும், கேட்காமலே செய்யுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பைக் காணொளிக்குக் கீழேயே கொடுங்கள். பத்திரிகைக் குறிப்புப் பக்கத்தில் புதைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டிகளை இறுதிவரை பார்க்கிறவர்கள்