அண்ணாவுக்கு, பக்கத்து வீட்டு எம்3 கார் பற்றியும் மற்றதும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. "இருக்கிறாயா, இல்லையா என்று ஒரு வரியாவது போடு" என்று ஓரத்தில் அண்ணி எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். போனில் அம்மா குரலைக் கேட்டால் சொல்ல வந்தது பாதி மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர் எப்படி இருக்கும் என்று குட்டி கேட்டானாம். வெளியே கிடந்த ஸ்பானரை வெறும் கையால் எடுத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், அப்படி என்று சொல்லுங்கள். அறையில் ஹீட்டர் இருக்கிறது. குறைத்துத்தான் வைக்கிறேன், எனக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரியும். கூட இருந்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான், இடம் தாராளமாக இருக்கிறது. வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்? ராத்திரி பனி கொட்டினால் விடிவதற்குள் என் வாசலையும் சேர்த்து அள்ளிப்போட்டிருப்பார். நன்றி சொன்னால் கோபம் வந்துவிடும். அவர் ஷெட்டில் ஒரு பழைய பிஎம்டபிள்யூ எம்3 கார் நிற்கிறது. 1992-இல் வந்த மாடல், 3 லிட்டர் எஞ்சின், 286 குதிரைத்திறன். ரோட்டில் உப்பு போடும் மாதங்களில் அதை வெளியே எடுக்கவே மாட்டார், உப்பு அடிப்பாகத்தைத் தின்றுவிடும். நான் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று யார் சொன்னார்களோ, ஒரு நாள் வந்து கதவைத் தட்டினார்.

வண்டிக்கு மூன்று வியாதி. முதல் கியரில் கிளட்சை விட்டதும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் வேகம் எடுத்தால் சீட்டுக்கு அடியில் அதிர்வு. மேல் கியரில் அழுத்தினால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். கிளட்சிலிருந்து பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் வரை எல்லாம் போச்சு, மொத்தமாக மாற்றணும் என்று சொல்லி, வண்டி விலையையே கேட்டார்களாம்.

ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்த்தோம். நம் லாரியில் ஷாஃப்ட் மூட்டாக இரும்பு கிராஸ் இருக்கும் இடத்தில் இதில் கனமான வட்ட ரப்பர் டிஸ்க் ஒன்று இருக்கிறது, கியர் பாக்ஸுக்கு நேர் பின்னால். போல்ட் துளைகளுக்கு நடுவே அது வெடித்து, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. 'டொக்' சத்தம் அங்கிருந்துதான். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழிந்து ஷாஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது, அதிர்வு அதனால். இழுக்காததற்குக் கிளட்ச் பிளேட். டிஃபரன்ஷியலுக்கு ஒன்றுமே இல்லை, அதைத் தாங்கும் ரப்பர் புஷ் மட்டும் விரிசல். பார்க்காமலே பட்டியல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாமான் வாங்குவதில் பெரியவருக்கு ஒரு கணக்கு உண்டு. இரும்பைப் பழசாக வாங்கலாம், ரப்பரையும் பேரிங்கையும் கிளட்ச் பிளேட்டையும் பழசாக வாங்கவே கூடாது. ஒரு பக்க ஆக்ஸிலில் பூட் என்கிற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே இருக்கும் மூட்டு, அதாவது சிவி ஜாயிண்ட், கடகடத்தது. அதற்குக் காயலான் கடையிலிருந்து முழு ஆக்ஸிலாக எடுத்தார். மறுபக்கம் பூட்டில் மட்டும்தான் விரிசல், ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. புது பூட்டும் கிரீஸும் போட்டதோடு சரி. கிளட்ச் செட் சாக்ஸ் கம்பெனியுடையது, ரப்பர் டிஸ்க் எஸ்ஜிஎஃப் கம்பெனியுடையது. வண்டிக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறவர்களே இவர்கள்தான். பெட்டி மேல் பிஎம்டபிள்யூ முத்திரை இல்லாததால் விலை நிறையக் குறைகிறது.

ஆனால் கியர் பாக்ஸை இறக்கிய பிறகு மனிதர் கஞ்சத்தனமே காட்டவில்லை. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் எல்லாம் புதுசு. விட்டால் நாளைக்கு இதற்காக மறுபடியும் இறக்க வேண்டும், யார் படுப்பது? கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கும் ஃப்ளைவீலைத்தான் மாற்றாமல் விட்டுவிட்டார். நம் லாரியுடையதைப் போல லேத்தில் ஏற்றிச் சீவுகிற ஜாதி இல்லை அது. இரண்டு துண்டு, நடுவில் ஸ்பிரிங். கையால் திருப்பி எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார், அளவுக்குள் இருந்தது. ஒரே துண்டாக வருவதைப் போட்டால் மலிவு, ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸ் கடகடக்கும்.

நீங்கள் அவரோடு ஒரு நாள் வேலை செய்யணும் அண்ணா. முட்டை அட்டையில் குழிக்குக் குழி பென்சிலால் எழுதி, கழற்றிய போல்ட்டை அந்தந்தக் குழியில்தான் போடுவார். ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு இழுத்தார். கோடு மாறிச் சேர்த்தால் பேலன்ஸ் போய்விடும். ரப்பர் டிஸ்க்கில் அம்புக்குறி இருக்கிறது, அது டிஸ்க் பொருந்தும் இரும்பு ஃபிளாஞ்சின் கையைப் பார்க்க வேண்டும். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருகணும், இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சென்டர் பேரிங்கை 4-லிருந்து 6 மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் பிடித்து இறுக்கச் சொன்னார். லாரியில் நாம் அப்படிச் செய்ததாக நினைவில்லை.

கடைசியில் டிஃபரன்ஷியல் ஆயில். முதலில் மேலே ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் பிளக்கைத் தொட்டார். கீழே வடித்துவிட்டு மேலே துருப்பிடித்து வரவில்லை என்றால் என்ன செய்வது? கீழ் பிளக்கைத் திறந்ததும் அந்தக் கந்தக நாற்றம் வந்தது பாருங்கள். அப்பா சட்டை. எத்தனை துவைத்தாலும் போகாது என்று அம்மா திட்டுவாளே, அதே நாற்றம். ஆயில் வடிந்து முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தமிழில் ஏதோ பேசியிருக்கிறேன் போல, பெரியவர் குனிந்து பார்த்து 17-ஆம் நம்பர் ஸ்பானரை நீட்டினார். அது எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு முறை வந்து எல்லோரையும் பார்க்க வேண்டும் அண்ணா. இந்த வருஷம் லீவு கிடைப்பது கஷ்டம், அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே குளிர்காலத்தில் எல்லா இடத்திலும் வேலை நேரத்தைக் குறைப்பார்கள், அதனால்தான் இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை சின்ன மாமாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் பேசிவிட்டேன்.

அப்பாவின் லேத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லேத்தின் அடித்தளமான 'பெட்'டில் தேய்மானம் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்கிறவன், அதைத் தடவிப் பார்த்தானா, அளந்து பார்த்தானா? அளக்கச் சொல்லுங்கள். சித்தப்பா தன் பங்கைப் பற்றி வாயால் சொன்னது போதாது, எழுதி வாங்குங்கள். அதற்கு முன் யாரிடமும் அட்வான்ஸ் கைநீட்டி வாங்க வேண்டாம். விற்பதாகவே முடிவானாலும் லேத்தில் இரும்பைப் பிடிக்கும் நான்கு தாடை 'சக்'கையும் மைக்ரோமீட்டர் பெட்டியையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை என்னுடையவை என்று அப்பா சொன்னது அண்ணிக்கும் தெரியும். வாங்க வருகிறவன் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி